நெஞ்சு அடைக்கிறது, மூச்சு முட்டுகிறது, ரிப்போர்ட் மட்டும் நார்மல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழில் நெஞ்சு என்றால் மார்பும்தான், மனமும்தான். "நெஞ்சு பதறியது" என்று ஒருவர் சொன்னால், இரண்டில் எது பதறியது என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. மருத்துவமனை வாசலில்தான் இரண்டையும் பிரிக்க வேண்டியிருக்கிறது. குழப்பமும் அங்கேதான் தொடங்குகிறது. நான் மருத்துவர் அல்ல. இதே தொல்லையோடு சில வருடங்கள் மல்லுக்கட்டி, கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவன். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவையும் நானே பிறரிடம் கேட்டவையும் இங்கே இருக்கின்றன.

வந்திருப்பது மாரடைப்பா, வெறும் டென்ஷனா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

முடியாது. அதுவும் முதல் தடவை வரும்போது நிச்சயமாக முடியாது.

"ஊசி குத்துவது போல இருந்தால் டென்ஷன், பாறாங்கல்லை ஏற்றி வைத்தது போல இருந்தால் மாரடைப்பு" என்று குறுக்குவழி சொல்வார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில், ஓரிரு நொடி சுருக்கென்று குத்தி மறையும் வலி இதயத்திலிருந்து வருவது அபூர்வம். படியேறினால் கூடி, நின்றால் குறையும் அழுத்தம் என்றால் இதயத்தைச் சந்தேகிக்க வேண்டும். ஆனால் சர்க்கரை நோயாளிகளுக்கும் வயதானவர்களுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு சில சமயம் வலியே இல்லாமல், வெறும் மூச்சுத்திணறலாகவோ குமட்டலாகவோ காரணம் புரியாத அசதியாகவோ வரும். அங்கே இந்தக் குறுக்குவழி கைவிட்டுவிடும்.

நெஞ்சில் அழுத்தம் சில நிமிடங்களுக்கு மேல் நீடித்தால், கை, தாடை, முதுகு என்று வலி பரவினால், குளிர்ந்த வியர்வை கொட்டினால், மயக்கம் வந்தால், உதடு நீலம் பூத்தால் இதைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள். ஆம்புலன்ஸை அழையுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்து, கூடவே திடீரென்று மூச்சு வாங்கினால் நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். அறுவை சிகிச்சைக்குப் பிறகும் நீண்ட பயணத்துக்குப் பிறகும் இதற்கான வாய்ப்பு கூடுதல். ஒரு பக்க மார்பு மட்டும் சுரீரென்று வலித்து மூச்சு வாங்கினால் நுரையீரலில் காற்றுக்கசிவு ஏற்பட்டு அது சுருங்கியிருக்கலாம். ஒல்லியாக உயரமாக இருக்கும் இளைஞர்களுக்கு இது வருவதுண்டு.

போய்ப் பார்த்து, ஒன்றுமில்லை என்று திரும்புவதில் வெட்கப்பட எதுவும் இல்லை. நான் இரண்டு முறை அப்படித் திரும்பியவன்.

ஈசிஜி, எக்கோ, ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். அப்படியானால் என் வலி கற்பனையா?

இல்லை, வலி வலிதான். இதயத்தில் கோளாறு தென்படவில்லை என்பதை மட்டும்தான் ரிப்போர்ட் சொல்கிறது. உங்களுக்கு வலிக்கவில்லை என்று அது எங்கும் சொல்லவில்லை.

இது நேற்று முளைத்த நோயும் அல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட வீரர்கள் பலருக்கு நெஞ்சு வலியும் படபடப்பும் மூச்சு வாங்கலும் இருந்தன. சோதித்துப் பார்த்தால் இதயத்தில் கோளாறு எதுவும் அகப்படவில்லை. ஜேக்கப் மென்டிஸ் டகோஸ்டா என்ற மருத்துவர் 1871-ல் இதை விரிவாக எழுதிவைத்தார். பிற்பாடு 'போர்வீரர் இதயம்' என்ற பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. முதல் உலகப் போரிலும் அதே கதைதான்.

அப்புறம் 1996-ல் வெளிவந்த ஓர் ஆய்வு. மாண்ட்ரியால் நகரின் இதய மருத்துவமனையில், நெஞ்சு வலி என்று அவசரப் பிரிவுக்கு வந்த 441 பேரைப் பார்த்ததில் நாலில் ஒருவருக்குப் பேனிக் கோளாறு, அதாவது வெளிப்படையான காரணம் இல்லாமல் திடீர் திடீரென்று கடும் பயம் வந்து தாக்கும் நிலை, இருந்தது. அங்கே சிகிச்சை அளித்த மருத்துவர்கள் கிட்டத்தட்ட ஒருவருக்குமே அதைக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். "அட்டாக் இல்லை, வீட்டுக்குப் போங்கள்" என்பதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. என்ன இல்லை என்று சொல்லியாயிற்று, என்ன இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. வீட்டுக்கு வந்தவர் அடுத்த மாதம் இன்னொரு மருத்துவமனையில் இன்னொரு ஈசிஜி எடுக்கிறார்.

வலிக்குப் பெரும்பாலும் இடம் உண்டு. கவலையில் இருப்பவரைக் கவனியுங்கள், தோள் காது வரை ஏறியிருக்கும். விலா எலும்புகளுக்கு நடுவே உள்ள தசைகளும் மார்புத் தசைகளும் கழுத்துத் தசைகளும் மணிக்கணக்கில் இறுகியே கிடக்கும். நாள் முழுக்கக் கையை மடக்கி முஷ்டியாகவே வைத்திருந்தால் சாயங்காலம் விரல் வலிக்கத்தானே செய்யும்! சிலருக்கு விலா எலும்பு நெஞ்செலும்போடு சேரும் குருத்தெலும்புப் பகுதியில் அமுக்கினால் "ஆ" என்று கத்தும்படி வலிக்கும். அமுக்கும்போது அதே வலி வந்தால் அது மார்புச் சுவரிலிருந்து வருவதாக எண்ண இடமுண்டு. ஆனால் அதை வைத்து மட்டும் முடிவுக்கு வந்துவிட வேண்டாம்.

மனதில் இருக்கும் கவலை மார்புக்கு எப்படி இறங்குகிறது?

மூளை ஆபத்தை உணர்ந்ததும், உடம்பை அவசரத்துக்குத் தயார்படுத்தும் பரிவு நரம்பு மண்டலம் முடுக்கிவிடப்படுகிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைக் கொட்டுகின்றன. இதயம் வேகமாகவும் பலமாகவும் துடிக்கிறது, மூச்சுக்குழல்கள் விரிகின்றன, மூச்சின் வேகம் கூடுகிறது, தசைகள் விறைக்கின்றன. எதிர்த்து நில், இல்லாவிட்டால் ஓடு என்ற இந்த ஏற்பாட்டை வால்டர் கேனன் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர் 1915-ல் விளக்கினார்.

துரத்தி வருவது புலியாக இருந்தால் அருமையான ஏற்பாடு. ஓடுவீர்கள், கூடுதல் மூச்சு செலவாகிவிடும். கடன்காரர் அனுப்பிய மெசேஜ் என்றால்? நாற்காலியிலிருந்து எழுந்திருக்கக்கூட மாட்டீர்கள். உடம்பு ஓட்டத்துக்கான மூச்சை இழுத்துக்கொண்டிருக்கும், ஓட்டம் மட்டும் இருக்காது. கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு இந்த ஒரு பொருத்தமின்மைதான் காரணம்.

எவ்வளவு ஆழமாக இழுத்தாலும் மூச்சு நிறைய மாட்டேன் என்கிறதே, ஏன்?

எனக்கும் இருந்த தொல்லை இதுதான். கொட்டாவி விட்டுப் பார்ப்பேன், நிமிர்ந்து உட்கார்ந்து பார்ப்பேன், ஜன்னலைத் திறந்து வைப்பேன். பத்தில் ஒரு மூச்சுதான் "அப்பாடா" என்று அடிவரை போய்ச் சேரும். மற்ற ஒன்பதும் தொண்டையோடு நின்றுவிடும்.

காற்று போதவில்லை என்றுதான் தோன்றும். உண்மை நேர்மாறானது, காற்று அதிகமாகிவிட்டது. ஓய்வாக இருக்கும் பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறார். ஒவ்வொரு தடவையும் சுமார் அரை லிட்டர் காற்று. பதற்றத்தில் வேகமும் கூடும், இழுக்கும் அளவும் கூடும். ஆனால் வெளியே விடுவதை யாரும் கவனிப்பதில்லை. விட்டு முடிப்பதற்குள் அடுத்ததை இழுத்துவிடுகிறோம். மார்புக்கூடு ஏற்கெனவே பாதி விரிந்த நிலையிலேயே நிற்கிறது. நிரம்பிய குடத்தில் மேலும் தண்ணீர் ஊற்றினால் வழியத்தான் செய்யும். விரிந்து நிற்கும் மார்பை இன்னும் விரிக்கத் தசைகள் படாத பாடு படுகின்றன. அந்தப் பாட்டைத்தான் நாம் மூச்சு முட்டல் என்கிறோம். முட்டுகிறதே என்று இன்னும் பலமாக இழுக்கிறோம், அது இன்னும் மோசமாகிறது.

சாதாரண நாளில் மூச்சிழுக்கும் வேலையின் பெரும்பங்கு உதரவிதானத்துடையது. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே குடை போலக் கவிந்திருக்கும் தசை அது. கீழே இறங்கும்போது வயிறு லேசாக முன்னே வரும். பயத்தில் வயிற்றை எக்கிப் பிடித்துக்கொள்வதால் குடை இறங்க இடமில்லாமல் போகிறது. வேலை முழுவதும் கழுத்து, தோள் தசைகள் தலையில் விழுகிறது. அவை அவசரத்துக்கு உதவ வேண்டியவை, முழுநேர ஊழியர்கள் அல்ல.

விரல் மரத்துப்போகிறது, உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிறது, தலை சுற்றுகிறது. பக்கவாதமோ என்று பயமாக இருக்கிறது.

முதலில் ஒன்று. ஒரு பக்கக் கை கால் மட்டும் பலவீனமாவது, முகம் கோணுவது, பேச்சு குழறுவது இவையெல்லாம் பக்கவாதத்தின் அறிகுறிகள். அப்படி இருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இரண்டு கை விரல்களிலும் வாயைச் சுற்றியும் சேர்ந்து வரும் கூச்சம் பெரும்பாலும் அதிமூச்சின் வேலை. வேகமாக மூச்சுவிடும்போது கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. அதைக் கழிவு என்றே பள்ளியில் படித்திருக்கிறோம், ஆனால் ரத்தத்தில் அது குறிப்பிட்ட அளவு இருந்தே ஆகவேண்டும். குறைந்தால் ரத்தம் காரத்தன்மை பக்கம் சாய்கிறது. மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் தலை கிறுகிறுக்கிறது. ரத்தத்தில் தனித்துத் திரியும் கால்சியம் புரதத்தோடு போய் ஒட்டிக்கொள்வதால் நரம்புகள் சீண்டப்பட்டு மரத்தலும் கூச்சமும் வருகின்றன. தீவிரமானால் விரல்கள் தாமாகவே மடங்கி இறுகிக்கொள்ளும். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் மூச்சு சீரானதும் விட்டுவிடும்.

ஆக்சிமீட்டரில் 98 காட்டுகிறது. பிறகு ஏன் மூச்சு முட்டுகிறது?

அது ஆக்சிஜனைத்தான் அளக்கிறது, கரியமில வாயுவை அல்ல. பேனிக் நேரத்தில் 98, 99 இருப்பது இயல்பு. பத்து நிமிடத்துக்கொரு தடவை விரலை நுழைத்துப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் கருவியை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். 95-க்குக் கீழே இறங்கினால் அது வேறு விஷயம், மருத்துவரைப் பாருங்கள்.

காகிதப் பைக்குள் மூச்சு விடச் சொல்கிறார்களே?

வேண்டாம். வெளியேறிய கரியமில வாயுவையே திரும்ப இழுக்க வைப்பதுதான் அந்த யோசனை. ஆனால் உள்ளே ஆக்சிஜனும் குறையும். வந்திருப்பது உண்மையில் மாரடைப்பாகவோ ஆஸ்துமாவாகவோ இருந்தால் ஆளுக்கே ஆபத்து.

சரி, அந்த நேரத்தில் என்னதான் செய்வது?

"ஆழமாக மூச்சை இழு" என்று எல்லோரும் சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். ஏற்கெனவே இழுத்தது போதும், இப்போது விட வேண்டிய நேரம்.

உட்காருங்கள். முழங்கை இரண்டையும் தொடையில் ஊன்றி லேசாக முன்னால் சாயுங்கள், தோள்களுக்குச் சும்மா இருக்க ஒரு வாய்ப்பு கிடைக்கும். உதட்டைக் குவித்து, சூடான காபியை ஊதுவது போல மெல்ல ஊதி விடுங்கள். விட்டு முடித்ததும் அடுத்ததை இழுக்க மனம் துடிக்கும். ஒரு நொடி பொறுத்து, மூக்கு வழியாகச் சின்னதாக, சத்தமில்லாமல் உள்ளே விடுங்கள். வயிற்றில் ஒரு கையை வைத்திருந்தால் அது எழுகிறதா என்று தெரியும். இழுக்க நாலு எண்ணிக்கை, விட ஆறு என்று வந்தால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு ஆகிவிடும். எண்ணிக்கையே டென்ஷன் ஆக்கினால் எண்ணாதீர்கள், விடுவது நீளமாக இருந்தால் போதும்.

விடுவதற்கு இவ்வளவு மரியாதை ஏன் என்றால், மூச்சு உள்ளே போகும்போது இதயத் துடிப்பு சற்றுக் கூடுகிறது, வெளியே வரும்போது குறைகிறது. மூளையிலிருந்து இறங்கி இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பின் பிரேக் வெளிமூச்சில்தான் நன்றாகப் பிடிக்கிறது. இதை ஆசுவாசமாக இருக்கும்போதே தினமும் ஐந்து பத்து நிமிடம் பழகிவையுங்கள். வெள்ளம் வந்தபிறகு நீச்சல் கற்க முடியாது.

இன்னொன்று, பேனிக் தாக்கம் பொதுவாகப் பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய்விட்டு, பிறகு தானாக இறங்கும். இது தெரிந்திருந்ததே எனக்குப் பாதி மருந்தாக இருந்தது.

அடிக்கடி பெருமூச்சு வருகிறது. தவறா?

யாருக்கும் வருவதுதான். நாம் அறியாமலேயே ஏறத்தாழ ஐந்து நிமிடத்துக்கொரு தடவை ஒரு பெருமூச்சு விடுகிறோம். நுரையீரலில் ஒட்டிக்கொண்ட நுண்ணறைகளை அது மீண்டும் திறந்துவைக்கிறது. மனக்கஷ்டத்தில் இது அடிக்கடி வரும், கொஞ்சம் நிம்மதியும் தரும். அந்த நிம்மதிக்காகவே நிமிடத்துக்கு இரண்டு மூன்று என்று போட ஆரம்பித்தால்தான் கரியமில வாயுக் கணக்கு கெட்டுப்போகிறது.

தொண்டையில் உருண்டை சிக்கியது போல இருக்கிறது.

துக்கம் தொண்டையை அடைக்கிறது என்பார்களே, அதுதான் நிற்காமல் தொடர்கிறது. உணவுக்குழாயின் வாயிலில் உள்ள தசை இறுகுவது ஒரு காரணம், அமிலம் மேலே வருவது இன்னொன்று. சாப்பாடு தடையில்லாமல் இறங்கினால் பெரும்பாலும் பயமில்லை. விழுங்கவே சிரமம், எடை குறைகிறது, குரல் மாறிவிட்டது என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

டென்ஷனான நேரத்தில் நன்றாக இருக்கிறேன். எல்லாம் முடிந்து படுத்த பிறகு வருகிறதே?

வேலை நேரத்தில் கவனம் வெளியே இருக்கிறது. படுத்ததும் வீடு அமைதியாகிறது, காது தலையணையில் பதிகிறது, இதயத் துடிப்பு டம் டம் என்று கேட்கிறது. இறுகியிருந்த தசை தளரும்போதுதான் அதன் வலியும் தெரிய வருகிறது. தூக்கத்திலிருந்தே திடுக்கென்று எழுப்பும் பேனிக் தாக்கமும் உண்டு. கெட்ட கனவு எதுவும் வேண்டியதில்லை.

ஆனால் இரவு மூச்சுத்திணறலை எல்லாம் மனதின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறி எழுபவருக்குத் தூக்க மூச்சடைப்பு இருக்கலாம். மல்லாந்து படுத்தாலே மூச்சு வாங்குகிறது, இரண்டு மூன்று தலையணை வேண்டியிருக்கிறது, காலும் வீங்குகிறது என்றால் இதயம் பலவீனப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உணவுக்குழாய் இதயத்துக்கு நேர் பின்னால் ஓடுவதால் படுத்ததும் மேலேறும் அமிலமும் நெஞ்சு வலியாகவே தெரியும். இதய மருத்துவர்களே ஏமாறும் இடம் அது.

எனக்கு ஆஸ்துமா உண்டு. எது ஆஸ்துமா, எது பதற்றம்?

இரண்டும் ஒன்றையொன்று கிளப்பிவிடும் என்பதால் இது சிக்கலான கேள்வி. மூச்சை விடும்போது விசில் சத்தம், இருமல், இன்ஹேலர் எடுத்ததும் தெளிவான நிவாரணம் என்றால் ஆஸ்துமா பக்கம். இழுக்கும்போது தொண்டையிலிருந்து சத்தம் வந்து, இன்ஹேலருக்கு மசியாவிட்டால் குரல்நாண்கள் தப்பான நேரத்தில் மூடிக்கொள்ளும் கோளாறாக இருக்கலாம், அதற்குப் பேச்சுப் பயிற்சியாளர்கள் நன்றாக உதவுவார்கள். எவ்வளவு வேகமாக மூச்சை ஊத முடிகிறது என்று அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் வீட்டில் இருந்தால் ஊதிப் பாருங்கள், ஊகத்தைவிட எண் மேல். சந்தேகமாக இருந்தால் முதலில் இன்ஹேலர், ஆராய்ச்சி அப்புறம்.

துக்கத்தில் நெஞ்சு வெடித்துச் செத்தார் என்பார்களே, உண்மையா?

அபூர்வமாக, கிட்டத்தட்ட உண்மை. 1990-ல் ஜப்பானிய மருத்துவர்கள் ஒரு விசித்திரமான நிலையை விவரித்தார்கள். பெரும் அதிர்ச்சிக்குப் பிறகு மாரடைப்பு போலவே நெஞ்சு வலி, ஈசிஜியிலும் மாற்றம், ஆனால் ஆஞ்சியோகிராமில் அடைப்பு இல்லை. இதயத்தின் இடது கீழறை மட்டும் அடியில் பலூன் போல உப்பி, கழுத்து குறுகித் தெரிந்தது. ஆக்டோபஸ் பிடிக்க அங்கே மீனவர்கள் கடலில் இறக்கும் பானையின் அதே உருவம். அதனால் பானையின் பெயரையே வைத்தார்கள், டகோட்சுபோ. பெரும்பாலும் மாதவிடாய் நின்ற வயதுப் பெண்களுக்கு வருகிறது. முதல் சில நாட்கள் ஆபத்தானவை. தாண்டிவிட்டால் அநேகமாகச் சில வாரங்களில் இதயம் பழைய வடிவுக்குத் திரும்பிவிடுகிறது. மகளின் கல்யாணம் போன்ற மகிழ்ச்சியான தருணங்களுக்குப் பிறகு வந்ததும் உண்டு.

நாள்பட்ட அழுத்தமும் சும்மா விடுவதில்லை. 52 நாடுகளில் நடந்து 2004-ல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, மாரடைப்புக்கான ஒன்பது முக்கியக் காரணிகளில் ஒன்றாக மன அழுத்தம், மனச்சோர்வு போன்ற உளசமூகக் காரணங்களைச் சேர்த்தது. புகையிலையும் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இருக்கும் அதே பட்டியல்தான்.

யாரிடம் போவது? மாத்திரை உண்டா?

முதலில் பொது மருத்துவர். இதயத்தோடு சேர்த்து ஹீமோகுளோபினையும் தைராய்டையும் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தசோகையும் தைராய்டு மிகைச் சுரப்பும் படபடப்பு, மூச்சு வாங்கல் என்று இதே வேஷத்தில் வரும். எல்லாம் சரி என்றால் மனநல மருத்துவர் அல்லது உளவியலாளர். பயத்தைக் கிளப்பும் எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசியும் பழகியும் மாற்றும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை பேனிக்குக்கு நன்றாக வேலை செய்கிறது. செர்ட்ராலின் போன்ற மருந்துகள் பலன் காட்டச் சில வாரங்கள் பிடிக்கும். அல்பிரசோலம் உடனே அடக்கும், ஆனால் பழக்கமாகி ஒட்டிக்கொள்ளும். நண்பர் படபடப்புக்குச் சாப்பிடும் புரோப்ரனலாலை வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆஸ்துமா இருப்பவருக்கு அது மூச்சுக்குழலையே இறுக்கிவிடும்.

பக்கத்தில் இருப்பவருக்கு இப்படி வந்தால் நான் என்ன சொல்ல வேண்டும்?

"ஒன்றுமில்லை" என்று சொல்லாதீர்கள். அவருக்கு உலகமே அந்த நெஞ்சில்தான் இருக்கிறது. மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள், இதற்கு முன் வந்திருக்கிறதா என்று கேளுங்கள். இதுதான் முதல் தடவை என்றால் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். பழகிய பேனிக்தான் என்றால் கூட்டத்தை விலக்கிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். "மூச்சு விடு, மூச்சு விடு" என்று விரட்டாமல், நீங்கள் மெதுவாக, காதில் விழும்படி ஊதி விடுங்கள். சற்று நேரத்தில் அவர் மூச்சும் உங்களுடையதோடு சேர்ந்துகொள்ளும். என் அக்கா எனக்கு அப்படித்தான் செய்தாள், ஒரு வார்த்தை பேசாமல்.